பெயரை மறைத்தோம், சிறுமி வெளிப்பட்டாள்: ஒரு போக்சோ வழக்குச் செய்தி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு தமிழ் நாளிதழின் மாவட்டப் பதிப்பில் நான் செய்தி ஆசிரியராக இருந்த காலத்தில், பாலியல் குற்றம் சாட்டப்பட்ட இருவரின் பெயரை வெளியிடுவதா, மறைப்பதா என்ற கேள்வியை ஒரே வழக்கில் நான்கு முறை எதிர்கொண்டோம். நான்கு முறையும் ஒரே விடை கிடைக்கவில்லை. அவற்றில் ஒரு முடிவு தவறாகவும், ஒன்று அரைகுறையாகவும் அமைந்தது. இதே கேள்வி நாள்தோறும் எங்காவது ஒரு டெஸ்க்கில் இரவு பக்கம் முடிக்கும் நேரத்தில் எழுந்துகொண்டிருப்பதால், நடந்ததை வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

ஊர், ஆண்டு, சிறுமியின் வயது, வகுப்பு ஆகியவற்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். சிறுமியின் தாயும், பின்னர் புகார் கொடுத்த பெண்ணும், வழக்கிலிருந்து நீக்கப்பட்டவரும் இந்தப் பதிவைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே இதை வெளியிடுகிறேன். நீதிமன்ற ஆவணங்களின் வழக்கப்படி, குற்றம் சாட்டப்பட்டவர்களை முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்றே குறிப்பிடுகிறேன்.

சம்பவம் நடந்தது மாணவர்கள் மாலை நேரத்தில் படிக்க வரும் ஒரு தனிப்பயிற்சி மையத்தில். முதல் எதிரி அங்கே பாடம் நடத்தியவர். இரண்டாம் எதிரி அவருடைய உறவினர். கட்டணம் வாங்குவதும் கணக்கு எழுதுவதும் அவர் வேலை. அங்கே படித்த சிறுமி ஒருத்தி தனக்கு நேர்ந்ததைத் தாயிடம் சொன்னாள். தாய் மறுநாளே அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். முதல் எதிரி மீது கல்வி நிறுவனப் பணியாளர் செய்த மோசமான பாலியல் தாக்குதல் என்ற பிரிவிலும், இரண்டாம் எதிரி மீது உடந்தையாக இருந்ததாகவும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. அன்று மாலையே இருவரும் கைது செய்யப்பட்டனர்.

முதல் நாள் மாலை: செய்திக்குறிப்பு வந்தபோது

காவல்துறையின் செய்திக்குறிப்பு எங்கள் நிருபரின் கைப்பேசிக்கு இரவு எட்டு மணிக்கு முன்பே வந்துவிட்டது. இருவரின் பெயர், வயது, தந்தை பெயர், வசிக்கும் தெரு, பயிற்சி மையத்தின் பெயர், இருவரும் தலை குனிந்து நிற்கும் புகைப்படம் எல்லாம் அதில் இருந்தன. சிறுமியின் பெயர் மட்டும் இல்லை. அது ஒன்று விடப்பட்டிருந்ததால் சட்டம் சொல்வது நிறைவேறிவிட்டது என்று குறிப்பை எழுதியவர் நம்பியிருக்க வேண்டும்.

போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயரோடு நிற்பதில்லை. குழந்தையின் முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி, அடையாளத்தை வெளிப்படுத்தக்கூடிய வேறெந்த விவரம் ஆனாலும் ஊடகத்தில் வரக்கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஊழியர் செய்த தவறுக்கு வெளியீட்டாளரும் உரிமையாளரும் சேர்ந்து பொறுப்பாவார்கள். 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவரைத் தொலைதூரத்திலிருந்துகூட அடையாளம் காட்டிவிடும் எந்தத் தகவலையும் வெளியிடக்கூடாது என்று விளக்கியது. குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரை மறைக்கச் சொல்லும் நேரடியான விதி போக்சோவில் இல்லை. ஆனால் அவர் பெயரே குழந்தையின் வீட்டு வாசலுக்கு வழிகாட்டும் என்றால், அதுவும் 23ஆம் பிரிவு சொல்லும் ‘வேறெந்த விவரம்’ ஆகிவிடும்.

அன்று டெஸ்க்கில் நடந்த விவாதம் இன்னும் நினைவில் இருக்கிறது. எங்களில் மிக மூத்தவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்றார். அவர் வாதம் பரபரப்பைச் சார்ந்தது அல்ல. காவல்துறை ஒருவரைப் பிடித்து உள்ளே வைக்கும்போது, யாரைப் பிடித்திருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்தாக வேண்டும். பெயரில்லாத கைது என்பது அதிகாரத்துக்கு வசதியானது, கைதானவருக்கு ஆபத்தானது என்றார். கைது செய்யப்பட்டவர்களின் பெயரையும் முகவரியையும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே அறிவிப்புப் பலகையில் வைக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41சி பிரிவு அப்போது சொன்னதையும் எடுத்துக்காட்டினார். (புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37ஆம் பிரிவிலும் இந்தக் கடமை தொடர்கிறது.) அவர் சொன்னதை என்னால் இன்றுவரை முழுமையாக மறுக்க முடியவில்லை.

துணை ஆசிரியர் ஒருவர் வேறொரு கேள்வி கேட்டார். “அந்த மையத்தில் மாலை வகுப்புக்கு எத்தனை பெண் பிள்ளைகள் வருகிறார்கள் சார்?” நிருபர் விசாரித்துச் சொன்னார்: ஆறு பேர்.

எடுத்த முடிவும் அதன் ஓட்டையும்

ஆறு பேர் என்ற எண்ணே முடிவைத் தீர்மானித்தது. இருவரின் பெயர், படம், மையத்தின் பெயர், தெரு ஆகியவற்றை விட்டுவிட்டு, ‘தனிப்பயிற்சி மைய ஆசிரியரும் உறவினரும் போக்சோவில் கைது’ என்று செய்தி போட்டோம். காரணங்கள் இரண்டு. பெயரைச் சொன்னால் மையம் தெரியும். மையம் தெரிந்தால் ஆறு குடும்பங்களின் மீது கண் விழும். அடுத்து, புகார் பதிவாகி ஒரு நாள்கூட ஆகாத நிலையில் சிறுமியின் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் இன்னும் பதிவு செய்திருக்கவில்லை. இரண்டாம் எதிரி என்ன செய்தார் என்பது செய்திக்குறிப்பிலேயே ஒரு வரிக்கு மேல் இல்லை.

இதே காரணங்களை அடுத்த பத்தியில் நாங்களே காற்றில் விட்டதுதான் எங்கள் தவறு. செய்திக்கு உயிர் வேண்டும் என்று சிறுமி எந்த வகுப்பில் படிக்கிறாள், சம்பவம் எந்தக் கிழமை மாலை நடந்தது, தாய் என்ன வேலை செய்கிறார் என்ற மூன்று விவரங்களையும் சேர்த்திருந்தோம். மூன்றையும் அச்சுக்கு முன் படித்துப் பார்த்தவன் நான். ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்கும்போது பாதிப்பில்லாததாகவே எனக்குத் தோன்றியது.

இரண்டாவது தவறு அலுவலகத்தின் இன்னொரு மேசையில் நடந்தது. இணையப் பிரிவு எங்கள் விவாதம் எதுவும் அறியாமல், செய்திக்குறிப்பை அப்படியே பெயர், படத்துடன் பதிவேற்றியிருந்தது. காலையில் பார்த்தவுடன் நீக்கினோம். அதற்குள் அந்தப் பக்கத்தின் திரைப்பதிவுகள் எங்கள் இதழின் பெயருடன் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிட்டன.

அடுத்த இரண்டு நாட்கள்

மறுநாள் வேறொரு நாளிதழ் எதிரிகளின் பெயரையும் மையத்தின் பெயரையும் வெளியிட்டது; சிறுமியைப் பற்றி ஒரு விவரமும் சொல்லவில்லை. அந்த இதழைக் கேட்டால், தாங்கள் சட்டத்தை மீறவில்லை என்றே சொல்லியிருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர்கள் செய்தியில் மையம் இருந்தது. எங்கள் செய்தியில் வகுப்பும் தாயின் வேலையும் இருந்தன. இரண்டு தாள்களையும் ஒரே டீக்கடை மேசையில் வைத்துப் படித்தவர்களுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. அந்த மாலை வகுப்பில் அந்த வகுப்புப் பெண் அவள் ஒருத்திதான்.

மூன்றாம் நாள் பள்ளியில் சக மாணவிகள் அவளிடமே வந்து கேட்டார்கள். அந்த வாரத்துக்குப் பிறகு அவள் அந்தப் பள்ளிக்குத் திரும்பவில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆற்றுப்படுத்துநர் எங்கள் நிருபரை அழைத்து, “பெயரை விட்டதற்கு நன்றி, ஆனால் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்ததில் உங்களுக்கும் பாதிப் பங்கு உண்டு” என்றார். அவர் கோபப்படவில்லை. அதனால்தான் அந்த வார்த்தை எனக்குள் ஆழமாக இறங்கியது.

பிரிட்டனில் பத்திரிகைகள் ஏற்றுக்கொண்டுள்ள ஆசிரியர் நெறிமுறை இந்தச் சிக்கலைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அடையாளம் கண்டிருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில் குழந்தையை அடையாளம் காட்டக்கூடாது. குற்றம் சாட்டப்பட்ட பெரியவரின் பெயரைப் போடலாம். ஆனால் அவருக்கும் குழந்தைக்கும் உள்ள தொடர்பைச் செய்தியில் எந்த இடத்திலும் உணர்த்தக்கூடாது என்கிறது அது. எல்லா இதழ்களும் ஒரே துண்டை மறைத்தால் படம் முழுமையடையாது. ஒவ்வொரு இதழும் தனக்குப் பிடித்த துண்டை மறைத்தால் படம் முழுமையடைந்துவிடும். எங்கள் மாவட்டத்தில் நடந்தது இதுதான். நாங்கள் வேறு இதழ்களுடன் பேசவே இல்லை.

மூன்றாவது வாரம்: இன்னொரு புகார்

எங்கள் முடிவை வேறொரு பக்கத்திலிருந்து கேள்விக்குள்ளாக்கியது இந்தக் கட்டம். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், தன் வழக்கறிஞருடன் காவல் நிலையத்துக்கு வந்து, பல ஆண்டுகளுக்கு முன் அதே முதல் எதிரியிடம் படித்தபோது தனக்கும் அதே போல நேர்ந்தது என்று புகார் கொடுத்தார். அது தனி வழக்காகப் பதிவானது. அவர் வெளியூரில் இருந்தவர். கைதுச் செய்தியை அந்த மற்ற நாளிதழில் பெயருடனும் படத்துடனும் பார்த்த பிறகுதான் வந்திருந்தார்.

பிறகு ஒருமுறை அவரைச் சந்தித்தபோது நான் எங்கள் காரணங்களைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்கள் பேப்பரை மட்டும் படித்திருந்தால் அது யாரோ ஒரு வாத்தியார் என்று நினைத்துக் கடந்து போயிருப்பேன் சார். எனக்கு மட்டும்தான் இப்படி நடந்தது என்று அத்தனை வருஷம் நினைத்திருந்தேன்” என்றார்.

குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயர் மறைப்பு வேண்டுமா என்ற விவாதம் உலகில் எங்கே நடந்தாலும் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறது. இங்கிலாந்தில் 1976இல் வந்த சட்டத் திருத்தம் பாலியல் வல்லுறவு வழக்குகளில் புகார் கொடுத்தவர், குற்றம் சாட்டப்பட்டவர் இருவரின் பெயரையும் மறைத்தது. 1988இல் குற்றம் சாட்டப்பட்டவருக்கான மறைப்பு மட்டும் நீக்கப்பட்டது. 2010இல் அதைத் திரும்பக் கொண்டுவரப் போவதாக அங்கே ஆட்சிக்கு வந்த கூட்டணி அரசு அறிவித்து, அதே ஆண்டில் கைவிட்டது. பெயர் வெளியே வந்தால்தான் மற்றவர்கள் முன்வருவார்கள் என்பது எதிர்த்தவர்களின் முக்கியமான வாதம். அயர்லாந்தில் 1981ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் வல்லுறவு வழக்கில் தண்டனை பெறும்வரை குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரைப் பொதுவாக மறைத்தே வைக்கிறது. நம் நாட்டிலேயே, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகார் கொடுத்தவருடன் எதிர்மனுதாரர் (அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்), சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மூடிய நீதிமன்றத்தில் நடக்கும் பாலியல் வன்கொடுமை விசாரணைகளைச் செய்தியாக்குவது பற்றிய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327ஆம் பிரிவும், ‘தரப்பினரின்’ பெயர், முகவரியை இரகசியமாக வைத்தால் செய்தி வெளியிடுவதற்கான தடையைத் தளர்த்தலாம் என்றுதான் அப்போது சொன்னது. தரப்பினர் என்ற சொல்லில் எதிரியும் அடங்குவார் அல்லவா என்று எங்கள் சட்ட ஆலோசகரிடம் கேட்டேன். அடங்குவார் என்று படிக்க இடமிருக்கிறது, ஆனால் எந்த டெஸ்க்கும் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை என்றார்.

குற்றப்பத்திரிகை: நீக்கப்பட்ட பெயர்

சிறுமி நீதித்துறை நடுவரிடம் கொடுத்த வாக்குமூலத்தில், இரண்டாம் எதிரியிடம் தான் எதையும் சொன்னதில்லை என்றும், அவர் காலையில் மட்டுமே வந்துபோவார் என்றும் தெளிவாகச் சொல்லியிருந்தாள். அவருக்கும் தெரிந்திருக்கும் என்பது அந்த வேதனையான முதல் நாளில் தாய்க்கு எழுந்த ஊகம். அந்த நிலையில் எந்தத் தாயும் அப்படித்தான் நினைப்பார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விசாரணை அதிகாரி வருகைக் குறிப்பேட்டையும் கைப்பேசி இருப்பிடப் பதிவுகளையும் பார்த்து, இறுதி அறிக்கையில் இரண்டாம் எதிரியின் பெயரை நீக்கினார். அதற்கு முன் அவர் 23 நாட்கள் சிறையில் இருந்திருந்தார்.

இதை நாங்கள் அறிந்தது ஐந்து மாதங்கள் கழித்து, அவரே அலுவலகத்துக்கு வந்தபோது. கைதுக்குச் செய்திக்குறிப்பு அனுப்பிய காவல் நிலையம் பெயர் நீக்கத்துக்கு எதுவும் அனுப்பவில்லை. அனுப்பும் வழக்கமும் இல்லை. காவல்துறை ஊடகங்களுக்குத் தகவல் தருவது குறித்து விரிவான கையேடு ஒன்றைத் தயாரிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. ஊடக விசாரணையால் ஒருவர் குற்றவாளி என்ற எண்ணம் முன்கூட்டியே விதைக்கப்படுவதை அந்த உத்தரவு கவலையுடன் குறிப்பிட்டது. ஆனால் கைதுச் செய்தி போட்ட நாங்கள் தொடர்ந்து விசாரித்திருக்க வேண்டிய கடமையைக் காவல்துறையின் மீது சுமத்திவிட முடியாது.

அவர் கையில் எங்கள் இணையப் பக்கத்தின் திரைப்பதிவு அச்செடுக்கப்பட்டு மடிந்த தாளாக இருந்தது. எங்கள் அச்சுப் பதிப்பு அவர் பெயரைப் போடவில்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அந்தத் தாளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். வேலை தேடிப் போகும் இடங்களில் அந்தப் படத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள் என்றார். நீங்கள் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்ட செய்தியைப் பெயருடன் பெரிதாகப் போடுகிறோம் என்று சொன்னேன். யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் இரண்டு நாள் கழித்து வந்தார்.

“பெயர் போட வேண்டாம் சார். மறந்தவர்களுக்கும் மறுபடி ஞாபகம் வந்துவிடும். அந்தப் பெண்ணையும் இன்னொரு தடவை ஊரே பேசும்.”

பெயரில்லாமல், வழக்கில் உடந்தை என்று சேர்க்கப்பட்டவர் விசாரணைக்குப் பின் நீக்கப்பட்டார் என்ற செய்தியை முதல் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே இடத்தில் போட்டோம். இணையத்தில் அவர் பெயருடன் செய்தி வெளியிட்டது எங்கள் தவறு என்று ஒப்புக்கொள்ளும் கடிதம் ஒன்றை ஆசிரியர் கையொப்பத்துடன் அவரிடம் கொடுத்தோம். அதை வேலை கேட்கும் இடங்களில் காட்டுகிறார். வேறு இணையதளங்களில் கிடந்த செய்திகளை நீக்கக் கோரி எங்கள் சட்ட ஆலோசகர் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்குத்தான் பதில் வந்தது.

தீர்ப்பு நாள்

விசாரணை மூடிய நீதிமன்றத்தில், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நடந்தது. போக்சோ சட்டம் முடிந்தவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்கச் சொல்கிறது. சிறப்பு நீதிமன்றம் முதல் எதிரியைக் குற்றவாளி என்று தீர்மானித்து 5 ஆண்டு கடுங்காவல் தண்டனை விதித்தது.

இப்போது பெயரைப் போடுவதா? அந்த ஊரில் யாருக்கும் அது புதிய தகவல் இல்லை. வெளியே வந்த பிறகு அவர் வேறொரு ஊரில் மையம் திறந்தால், அங்குள்ள பெற்றோருக்கு அது தேவையான தகவல். இரண்டாவதாகப் புகார் கொடுத்த பெண் சொன்னதும் எங்கள் முன்னால் இருந்தது. அரசு சிறப்பு வழக்கறிஞர் மூலம் சிறுமியின் தாயிடம் கேட்டோம். அவர் தெளிவாக இருந்தார்: “அவன் பெயரைப் போடுங்க. எங்கே, எப்படி, யாரு பிள்ளைன்னு எதுவும் போடாதீங்க.”

அப்படியே செய்தோம். குற்றவாளியின் பெயரும், போக்சோ சட்டத்தின்கீழ் தண்டனை பெற்றார் என்பதும், தண்டனைக் காலமும் செய்தியில் இருந்தன. சிறுமியின் வயது, வகுப்பு, சம்பவம் நடந்த காலம், மையம் எதுவும் இல்லை. அவர் ஆசிரியராக இருந்தார் என்பதைப் போடலாமா என்று நீண்ட நேரம் பேசினோம். அதை விட்டால் செய்தியின் எச்சரிக்கை பாதி போய்விடும்; போட்டால் தொடர்பு திரும்ப ஒட்டிக்கொள்ளும். தொழிலை விட்டுவிட்டோம். இது சரியா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது. ஆனால் இந்த முறை அச்சுக்குப் போகும் முன்பே மாவட்டத்தின் மற்ற இரண்டு இதழ்களின் செய்தி ஆசிரியர்களை அழைத்து, எதை விடப்போகிறோம் என்பதைச் சொல்லியிருந்தோம். ஒருவர் ஒப்புக்கொண்டு அதையே விட்டார்.

அதன்பின் மாற்றியவை

பாலியல் குற்றச் செய்தி எதுவும் அச்சு டெஸ்க்கும் இணையப் பிரிவும் சேர்ந்து பார்க்காமல் வெளியே போவதில்லை. செய்திக்குறிப்பை நேரடியாகப் பதிவேற்றும் வசதி இணையப் பிரிவிலிருந்து எடுக்கப்பட்டது. கைது நிலையில் பெயர் போடுவதில்லை என்ற பொது விதியை வைத்தோம். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் பல குழந்தைகளுடன் பழகும் பணியில் இருந்து, வேறு பாதிக்கப்பட்டவர்கள் இருக்கக்கூடும் என்று விசாரணை அதிகாரி எழுத்தில் சொன்னால், பெயரைப் போட்டுத் தொடர்பை மறைப்பது என்று முடிவு செய்தோம். எந்த நிலையிலும் இரண்டையும் சேர்த்துப் போடுவதில்லை. அந்தக் கல்லூரி மாணவியின் வார்த்தை இல்லாவிட்டால் இந்த விதிவிலக்கு எங்களுக்குத் தோன்றியே இருக்காது. ஒவ்வொரு கைதுச் செய்தியின் கீழும் குழந்தைகள் உதவி எண் 1098 தவறாமல் வருகிறது.

வழக்குத் தொடர்ச்சிக்கென்று ஒரு பதிவேடு திறந்தோம். நாங்கள் வெளியிட்ட ஒவ்வொரு கைதுச் செய்திக்கும் குற்றப்பத்திரிகை, பெயர் நீக்கம், விடுதலை, தண்டனை என்று நிரப்ப வேண்டிய கட்டங்கள் அதில் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை நிருபர் நீதிமன்றத்தில் விசாரித்து நிரப்புகிறார். முதல் ஆண்டில் இந்த வேலை எவ்வளவு பெரியது என்று தெரிந்து, இரண்டு நிருபர்கள் அதிலிருந்து விடுவிக்கச் சொன்னார்கள். இப்போது வாரத்தில் ஒரு நாள் ஒருவருக்கு இதுவே வேலை.

முதல் எதிரியின் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது. இரண்டாவது புகாரின் மீதான விசாரணை இன்னும் முடியவில்லை. பதிவேட்டின் அந்த வரியில் கடைசி இரண்டு கட்டங்கள் காலியாக இருக்கின்றன.